தாமதமும் ஒரு செயலே

செய்யாதிருத்தலும் குற்றமாகுமோ? சித்தூர், திருப்பதி மக்கள் நன்கறிந்த செய்தியொன்றைக் கொண்டு ஆராய்வோம்.

ஆந்திர மாநிலத் தேர்தல் ஆணையர் நிம்மகட்ட ரமேஷ்குமார், 2020 மார்ச் 15-இல், கொரோனாவை முன்னிட்டு உள்ளாட்சித் தேர்தலை ஒத்திவைத்தார். ஏப்ரல் 10-இல் அரசு, அவசரச் சட்டத்தால் அப்பதவிக்காலத்தை 5 ஆண்டிலிருந்து 3 ஆகக் குறைத்து, அவரை நீக்கியது. மே 29-இல் உயர்நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாதெனத் தீர்ப்பளித்தது. மேல்முறையீடு செய்தல் உரிமையே. ஆயினும் ஜூன் 10-இல் உச்சநீதிமன்றம் தடைதர மறுத்த பின்னரும், அவரை மீண்டும் அமர்த்தும் ஆணை ஜூலை இறுதியிலேயே பிறந்தது.

நீக்க ஒரு நாள். அமர்த்த இரு திங்கள். கை ஓய்ந்திருந்தது, விருப்பு வெறுப்பு ஓயவில்லை. ஆதலின் அத்தாமதத்தையும் செயலென்றே கொள்வோம்.

நம் சங்கத்தில் நாம் விரும்பாத ஒருவர் தேர்வுபெறின், கணக்கேட்டையும் சாவியையும் அன்றே ஒப்படைப்போமா? நடுநிலைக்கு அதுவே சோதனை.