புத்தகத்தை அடுப்படிக்குக் கொண்டு போங்கள்

தெல்தெனியவில் உலை வைக்கத் தெரிந்த ஒவ்வொருவருக்கும் சொல்கிறேன்: சமையல் புத்தகத்தைக் கண்டு கூசாதீர்கள்! வழுவழுப்பான அட்டை, வெள்ளைத் தொப்பி போட்ட சமையற்காரர், வாயூற வைக்கும் படங்கள். இவற்றைப் பார்த்ததும் “எழுதினவங்க படிச்சவங்க, நமக்கு என்ன தெரியும்” என்று ஒதுங்கி விடுகிறீர்கள். அந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

2022 மறந்து போயிற்றா? காஸ் இல்லை. பால்மா இல்லை. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பில் உணவு விலை, முந்தைய வருடத்தைவிட ஏறத்தாழ 95 சதவீதம் ஏறி நின்றது. விறகு பொறுக்கி, பலாக்காயையும் மரவள்ளியையும் அவித்து, பிள்ளைகளைப் பசியோடு படுக்க விடாமல் காத்தவர் யார்? எந்தப் புத்தகத்தின் எத்தனையாம் பக்கம் உங்களுக்குக் கை கொடுத்தது? அந்த வருடத்தைக் கடந்த கைக்கு, அச்சில் வந்த ஒரு செய்முறையைச் சரி, பிழை என்று சொல்லத் தகுதி இல்லையென்றால், வேறு யாருக்கு இருக்கிறது?

எழுதியவர்கள் யாரென்றும் பாருங்கள். 1951இல் ‘சமைத்துப் பார்’ நூலை வெளியிட்ட எஸ். மீனாட்சி அம்மாள் இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். உறவுக்காரப் பெண்கள் செய்முறை கேட்டு ஓயாமல் கடிதம் போட, புத்தகமாகவே எழுதிவிடு என்று தூண்டினார் அவருடைய மாமா கே.வி. கிருஷ்ணசாமி ஐயர். எழுதினார். தலைமுறை தலைமுறையாக மணப்பெண்கள் அதைப் பெட்டியில் வைத்துக்கொண்டு கடல் கடந்தார்கள். கொழும்பில் 1930இல் பிறந்த சார்மெய்ன் சொலமன் ஆஸ்திரேலியாவில் குடியேறி, 1976இல் ஆசிய நாடுகளின் சமையலை ஒரே நூலுக்குள் கொண்டு வந்தார்.

எழுதியவர்கள் மட்டுமா? சமைத்துப் பார்த்தவரையும் கேளுங்கள். நியூயோர்க்கில் அலுவலக வேலை பார்த்த ஜூலி பவல், 2002இல் ஒரு முடிவெடுத்தார். ஜூலியா சைல்டும் அவருடைய இரு தோழிகளும் 1961இல் வெளியிட்ட பிரெஞ்சுச் சமையல் நூலின் 524 செய்முறைகளையும் ஒரு வருடத்துக்குள் தன் வீட்டுச் சின்னக் குசினியில் சமைத்து முடிப்பது என்று. வேலைவிட்டு வந்து, இரவில் அடுப்பு மூட்டி, நடந்ததை நடந்தபடி எழுதினார். அந்த எழுத்து புத்தகமாயிற்று, 2009இல் திரைப்படமும் ஆயிற்று. அவரிடம் இருந்தது ஓர் அடுப்பும் ஒரு வைராக்கியமும். இரண்டும் உங்களிடம் இல்லையா?

அப்படியானால் இறங்குங்கள்! முதல் தடவை புத்தகம் சொன்னபடியே செய்யுங்கள். உங்கள் கைப்பக்குவத்தை அன்று ஒரு நாள் கட்டி வையுங்கள். புளியைக் கூட்டி, மிளகாயைக் குறைத்துச் சமைத்தால் அது உங்கள் கறி. புத்தகத்தின் குறையும் நிறையும் அதில் தெரியாது. “வெங்காயத்தை 5 நிமிடம் பொன்னிறமாக வதக்கவும்” என்று எழுதியிருக்கிறதா? மணிக்கூட்டைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் வெங்காயம் வாடும், பொன்னிறம் வராது. எழுதினவர் நேரம் பார்க்காமல் எழுதியிருக்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். பொருள் பட்டியலில் உள்ள ரம்பை, செய்முறையில் எந்த இடத்தில் சட்டிக்குள் விழுகிறது? “தேங்காய்ப்பால் ஊற்றவும்” என்றால் முதல் பாலா, இரண்டாம் பாலா? முதல் பாலை ஊற்றிக் கொதிக்க விட்டால் திரைந்து போகுமே, தீயைக் குறைக்கச் சொன்னாரா? நாலு பேருக்கு என்று போட்ட கறி உண்மையிலேயே நாலு பேருக்குக் காணுமா?

தூள் விஷயத்தில் இன்னும் கண்டிப்பாக இருங்கள். தமிழ்நாட்டுப் புத்தகம் மிளகாய்த்தூள் என்றால் அது தனி மிளகாய். யாழ்ப்பாணத்தார் சொல்லும் கறித்தூள் மிளகாயோடு மல்லி, சீரகம், மிளகு, பெருஞ்சீரகம் எல்லாம் சேர்த்து வறுத்து இடித்தது. ஒன்றைப் போட வேண்டிய இடத்தில் மற்றதைப் போட்டால் கறியே வேறாகிவிடும். பழைய நூல்களின் ஆழாக்கும் நம் சுண்டும் ஒன்றில்லை. அளந்து பார்த்துக் கொப்பியில் எழுதுங்கள்.

ஊரும் சமைக்கிறது என்பதை மறக்காதீர்கள். கடலோரத்தில் நீர் 100 பாகையில் கொதிக்கும். ஏறக்குறைய 300 மீட்டர் ஏறினால் ஒரு பாகை குறையும். நம் பக்கத்தில் வித்தியாசம் சிறிது. ஆனால் 1,868 மீட்டர் உயரத்து நுவரெலியாவில் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். திறந்த சட்டியில் பருப்பு வேக நேரம் கூடும். சென்னை வெயிலில் எழுதிய புத்தகம் சொல்லும் நேரத்துக்குள், நக்கிள்ஸ் மலைப் பக்கத்துக் குளிர் இரவில் இட்லி மா பொங்காது. அது உங்கள் கைப்பிழை என்று நினைத்துக் கூனிப்போகாதீர்கள். நிமிர்ந்து எழுதுங்கள்: இந்தக் குறிப்பு எங்கள் ஊருக்கு இத்தனை மணி நேரம் கூடுதலாகக் கேட்கிறது!

இதை நான் தெல்தெனியக்காரரிடம் கேட்பதற்குக் காரணம் உண்டு. 1985இல் திறக்கப்பட்ட 122 மீட்டர் உயர விக்டோரியா அணைக்காக நம் பழைய பட்டணம் நீருக்குள் போனது. கடைகள் போயின, வீடுகள் போயின, அடுப்படிகளும் போயின. கட்டடங்களையாவது நீர் வற்றும் காலத்தில் கரையில் நின்று பார்க்கலாம். அந்த அடுப்படிகளில் வெந்ததை யார் எழுதி வைத்தோம்? தோட்டத்து அடுப்புகளின் கதையும் இதுதான்: 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலைத் தோட்டம் போட்ட நாளிலிருந்து எண்ணினால் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. லயத்து அடுப்பில் சுட்ட ரொட்டிக்கும், இடித்த கட்டசம்பலுக்கும், தேயிலைக் கொழுந்துச் சம்பலுக்கும் நீங்கள் புரட்டிய புத்தகங்களில் எத்தனை பக்கம் கண்டீர்கள்? அடுத்தவர் புத்தகத்தைச் சோதித்துப் பழகிய கைக்குத்தான் தன் வீட்டுச் சமையலை அளவோடும் நேரத்தோடும் எழுத வரும்.

கண்டி டி.எஸ். சேனாநாயக்க நூலகத்துக்குப் போங்கள்; இல்லையென்றால் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு பழைய புத்தகம் கேளுங்கள். ஒரு கறியைத் தெரிவு செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை சொன்னது சொன்னபடி ஆக்கி, அப்பாயிக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் பரிமாறி, அவர்கள் சொன்னதைக் கொப்பியில் ஒரு பக்கத்தில் எழுதுங்கள். எதிர்ப்பக்கத்தை அப்பாயியின் கட்டசம்பலுக்கு விடுங்கள். அவர் மிளகாயை எண்ணிப் போடும்போதே பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுங்கள்!