ஓடினால் போதுமா?

“நல்ல இயந்திரம், ஐயா! பழையதுதான், ஆனால் இரும்பின் கனத்தைப் பாருங்கள்! ஓட்டிக் காட்டட்டுமா?” என்றார் விற்பவர்.

ஓட்டிக் காட்டினார். ஓடிற்று. கட்டை ஒன்றை அதன்மீது தள்ளினார். சுருள் சுருளாய்ச் சீவல் பறந்தது. கரடுமுரடான கட்டையின் முகம் வழவழப்பாயிற்று. சுற்றி நின்றோர் முகம் மலர்ந்தது. விலை பேசப்பட்டது, பணம் எண்ணப்பட்டது, மரம் இழைக்கும் இயந்திரம் வண்டியேறிற்று.

நண்பர்கள் நால்வர் கூடி நடத்திடும் சிறு தச்சுப்பட்டறைக்காக வாங்கப்பட்டது அது. புதியது வாங்கிட வசதியில்லை. மூடப்பட்ட தொழிற்கூடம் ஒன்றிலிருந்து கைமாறி வந்த பழையதை வாங்கினர். உடன் சென்றிருந்த நாமும் மகிழ்ந்தோம். ஓடுகிறதா என்று பார்த்தோம். ஒழுங்காக இழைக்கிறதா என்று பார்த்தோம். நிற்கிறதா என்று மட்டும் நம்மில் ஒருவரும் பார்க்கவில்லை!

பட்டறைக்கு வந்து, மின்வழிப் பெட்டியின் மூடியைக் கழற்றித் துடைத்தபோதுதான் உண்மை தெரிந்தது. அந்த உண்மையை எடுத்துரைப்பதற்கு முன், அந்த இயந்திரம் எத்தகையது என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

இரண்டு இரும்பு மேசைகள். இடையே ஒரு பிளவு. அந்தப் பிளவில் ஓர் உருளை. உருளையில் மூன்று கத்திகள். நிமிடத்துக்கு 5,000 முறை சுழல்வது அவ்வுருளை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: வினாடிக்கு 250 வெட்டு! கண் இமைத்துத் திறப்பதற்குள் பல பத்து வெட்டுகள் விழுந்துவிடும். அரிவாள் வெட்டிய விரலை மருத்துவர் சில வேளைகளில் மீண்டும் பொருத்திவிடுகிறார். இழைக்கும் கத்தியோ விரலைத் துண்டாக வெட்டுவதில்லை, சீவி எறிகிறது. சீவலாய்ப் போனதைப் பொருத்துவது எங்ஙனம்?

இத்தகைய இயந்திரத்தை ஆக்கியவன், மனிதனின் கை தவறும் என்பதை அறிந்தே ஆக்கினான். ஆகவேதான் மூன்று காவல்களை அதில் வைத்தான். அந்த மூன்றும் என்னவாயிருந்தன தெரியுமா?

முதற் காவல், உருளையை மறைத்திடும் மூடியின் ஓரத்தில் இருக்கும் சிறிய சுவிட்ச். மூடி மூடியிருந்தால்தான் மின்சாரம் செல்லும், திறந்தால் அறுந்துவிடும். அந்தச் சுவிட்சுக்குச் செல்லும் இரு கம்பிகளையும் யாரோ கழற்றி, ஒன்றோடொன்று முறுக்கி, கறுப்பு நாடா சுற்றிவிட்டிருந்தார். மூடி திறந்தே கிடந்தாலும், மூடியிருப்பதாகவே இயந்திரம் எண்ணிக்கொள்ளும்.

இரண்டாம் காவல், ஆபத்துக் காலத்தில் அடித்து நிறுத்துவதற்கான சிவப்புப் பொத்தான். அதன் உள்ளே வில் உடைந்து, மரத்தூள் இறுகி, கல்லாய் நின்றது. அழுத்தினால் அசையவில்லை. ஆனால் அந்தப் பொத்தானின் மேல், ஆயுத பூசைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன! ஆண்டுதோறும் பொட்டிட்டவர்களில் ஒருவரேனும் அந்தப் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பார்த்திருப்பாரா?

மூன்றாம் காவல், கான்டாக்டர் எனப்படும் காந்த விசை. பச்சைப் பொத்தானை அழுத்தினால், ஒரு சுருள் காந்தமாகித் தொடுமுனைகளை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். மின்சாரம் போனால் காந்தம் போகும், பிடி விடும். மீண்டும் மின்சாரம் வந்தாலும், மனிதன் வந்து பச்சைப் பொத்தானை அழுத்தினாலன்றி இயந்திரம் எழாது. அந்தக் கான்டாக்டரையே எடுத்தெறிந்துவிட்டு, வீட்டு விளக்குக்குப் போடுவது போன்ற சாதாரண சுவிட்சைப் பொருத்தியிருந்தனர். 2012ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் பல ஊர்களில் நாள்தோறும் பல மணி நேரம் மின்சாரம் நின்றுபோனதை நாம் மறந்திருக்கமாட்டோம். மின்சாரம் போகிறது, தச்சர் சுவிட்சை மறக்கிறார், பிளவில் சிக்கிய சிராயை எடுக்கக் கையை விடுகிறார், மின்சாரம் வருகிறது! அதன் பிறகு நடப்பதை எழுதத் தேவையில்லை.

இதனைக் கண்டதும் பட்டறையில் விவாதம் எழுந்தது. “இத்தனை ஆண்டுகள் இப்படியே ஓடியிருக்கிறதே! இப்போது மட்டும் என்ன வந்துவிடப்போகிறது? ஓடுகிறவரை ஓடட்டும், கையில் காசு சேர்ந்ததும் பார்த்துக்கொள்ளலாம்” என்றார் ஒருவர்.

நம் நாட்டில் நாம் அடிக்கடி கேட்கும் வாதம் இது. இத்தனை ஆண்டுகள் ஒன்றும் நேரவில்லை என்று யார் சொன்னது? அந்த மூடப்பட்ட தொழிற்கூடத்திலிருந்து இயந்திரம் வந்தது; அங்கே உழைத்தவர்களின் கைகள் வந்து சாட்சி சொல்லவில்லையே! விரல் இழந்தவர் வேலையும் இழந்து வீட்டுக்குப் போயிருப்பார். விரல் இழக்காதவர்தான் நின்று, “ஒன்றும் நேராது” என்று பேசிக்கொண்டிருப்பார். தப்பியவர் பேச்சை மட்டும் கேட்டு, தப்பாதவரின் மௌனத்தைக் கணக்கில் சேர்க்காமல் எடுக்கும் முடிவு, அறிவு எடுக்கும் முடிவாகாது. நேற்றுவரை விழவில்லை என்பதால் சாய்ந்த சுவர் நேராகிவிடுமா?

“தொழில் தெரிந்த கைக்கு மூடி எதற்கு?” என்றார் இன்னொருவர். தொழில் தெரிந்த கை என்பது மெய். ஆனால் அந்தக் கை இரவு தூங்காமல் நோயுற்ற குழந்தையைத் தாங்கிய கையாகவும் இருக்கும். மாலை ஆறு மணிக்குச் சோர்ந்த கையாகவும் இருக்கும். கட்டையில் மறைந்திருக்கும் கணுவுக்குத் தச்சரின் திறமை தெரியாது. காவல் என்பது திறமையற்றவனுக்கு இடும் கட்டன்று. திறமையுள்ளவனும் மனிதனே என்பதை ஒப்புக்கொள்வது.

“எல்லாம் விதிப்படி நடக்கும்” என்றார் மூன்றாமவர், பாதி விளையாட்டாக. விளையாட்டாகச் சொன்னாலும் விடை கூறியாக வேண்டும். விதியை எவரும் சுட்டிக் காட்டிடவில்லை. முறுக்கிவிடப்பட்ட கம்பியையோ விரல் நீட்டிச் சுட்டிக் காட்டலாம், அவிழ்த்தும் விடலாம். அவிழ்க்கக்கூடிய ஒன்றுக்கு விதி என்று பெயரிடுவது, அவிழ்க்கவேண்டியவன் தப்பித்துக்கொள்ளும் வழியே ஆகும்.

நால்வரில் மூத்தவர் அதுவரை வாய் திறக்கவில்லை. நாற்பது ஆண்டுகள் மரத்தோடு பழகியவர். “இந்தக் கம்பியை முறுக்கியவன் எவ்வளவு பொறுப்பற்றவனாக இருந்திருப்பான்!” என்று நாம் சினந்தபோது, அவர் மெல்லச் சிரித்தார்.

“கோபப்படாதே தம்பி! அவனும் என்னைப்போல ஒரு தச்சன்தான். இந்தச் சுவிட்சுக்குள்ளே மரத்தூள் புகுந்துகொள்ளும். மூடி மூடியிருக்கும்போதே இயந்திரம் பொசுக்கென்று நின்றுவிடும். மணிக்குப் பத்துத் தடவை நின்றால் இழைப்பு எப்படி ஆகும்? சதுர அடிக்குக் கூலி பேசினவனுக்கு நிற்கிற நேரத்துக்கு யார் காசு கொடுப்பார்? முதலாளியிடம் சொல்லியிருப்பான், நாளைக்குப் பார்க்கலாம் என்றிருப்பார். அவனே பார்த்துவிட்டான், அவ்வளவுதான்!”

நம் சினம் நாணமாயிற்று. காவலைக் கழற்றிய கை தொழிலாளியுடையதாக இருக்கலாம். கழற்றும்படி அந்தக் கையை நெருக்கியது எது? பழுதான காவல், வேண்டாத நேரத்தில் நிறுத்திற்று. வேண்டாத நேரத்தில் நிறுத்தியதால் தொல்லையாயிற்று. தொல்லையானதால் தூக்கி எறியப்பட்டது. பழுதைச் சீர்செய்திருந்தால், கம்பியை முறுக்கவேண்டிய தேவையே எழுந்திராது. ‘எச்சரிக்கையாயிரு’ என்று சுவரில் எழுதிவைத்துவிட்டு, எச்சரிக்கையாய் இருக்கமுடியாத கூலிமுறையையும் பழுதான சுவிட்சையும் அப்படியே விட்டுவைப்பது, உபதேசம் என்ற பெயரில் நடக்கும் ஏமாற்று.

இப்போது நம் முன் நிற்பது இதுதான்: இந்தக் குற்றம் யாருடையது? முறுக்கியவனுடையதா? ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்ற முதலாளியுடையதா? ஓட்டிக் காட்டி, நிறுத்திக் காட்டாமல் விற்றவருடையதா? அல்லது, இன்று அதனை வாங்கி வைத்திருக்கும் நம்முடையதா?

இங்கிலாந்து நாட்டு நீதிமன்றம் ஒன்று 1837ஆம் ஆண்டில் இத்தகைய கேள்விக்கு விடை கூறிற்று. அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றப்பட்ட வண்டியில் அனுப்பப்பட்ட பணியாள் ஒருவன், வண்டி உடைந்து தொடை எலும்பு முறிந்து வழக்குத் தொடுத்தான். ஆபத்து அவனுக்கும் தெரிந்திருக்கக்கூடியதே. விருப்பமில்லையெனில் மறுத்திருக்கலாமே என்ற போக்கில் முதலாளிக்குச் சார்பாகத் தீர்ப்பாயிற்று! மறுத்தால் வேலை போகும், வேலை போனால் சோறு போகும் என்பது தீர்ப்பின் தராசில் நிறுக்கப்படவில்லை. ஏழாண்டு கழித்து, 1844இல், அதே நாட்டில் தொழிற்சாலைச் சட்டம் இயந்திரங்களுக்கு வேலியிட வேண்டும் என்று ஆணையிட்டது. நம் நாட்டில் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், தன் 21ஆவது பிரிவில், இயந்திரத்தின் ஆபத்தான பகுதிகளுக்குக் காப்பு வேண்டும், ஓடும்போது அக்காப்பு இடத்தில் இருக்கவும் வேண்டும் என்றது. 26ஆவது பிரிவோ, புதிதாக நிறுவப்படும் இயந்திரங்களுக்கு வேண்டிய மூடிகள் இல்லாமல் அவற்றைத் தொழிற்சாலைக்கு விற்பவரையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த வழி வைத்தது. உழைப்போர் பட்ட துன்பமும் நடத்திய கிளர்ச்சியும் எழுதிய வரிகள் இவை.

ஆனால், மின்விசை பயன்படும் இடமாயின் பத்துப் பேராவது வேலை செய்தால்தான் தொழிற்சாலை என்பது 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் பொதுக் கணக்கு. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொகுப்புச் சட்டம் அந்த 10ஐ 20 ஆக உயர்த்திற்று. நால்வர் உழைக்கும் பட்டறை அந்தக் கணக்கில் வராது. ஆய்வாளர் வரமாட்டார், அபராதம் விழாது. பத்துப் பேர் இல்லாத பட்டறையிலும் ஆளுக்குப் பத்து விரல் இருக்கின்றனவே! சட்டத்தின் கண் எட்டாத இடத்தில்தான் ஒருவருடைய அறம் எத்தகையது என்பது தெரியவரும்.

நாம் கொண்ட முடிவு இது: கம்பியை முறுக்கியது நாம் அல்லோம். ஆனால் மூடியைக் கழற்றி, கண்ணால் கண்டுவிட்டோம். கண்ட பிறகும் பச்சைப் பொத்தானை அழுத்தினால், அந்த நொடியிலிருந்து அந்த முறுக்கு நம்முடையது. பழுதை உண்டாக்கியவர் வேறொருவராக இருக்கலாம். தெரிந்தும் ஓட்டுகிறவர் அதற்குப் புதிய உரிமையாளராகிவிடுகிறார். நாளை இந்த மேசையருகே நிற்கப்போவது, நேற்று வேலைக்குச் சேர்ந்த இளைஞன். அவனுக்கு முறுக்கிய கம்பி தெரியாது. சிவப்புப் பொத்தான் நிறுத்தும் என்று நம்பித்தான் நிற்பான். அந்த நம்பிக்கையைப் பொய்யாக்க நமக்கு உரிமை ஏது?

செப்பனிடும் பணி தொடங்கிற்று. மின்வேலை கற்ற தோழர் ஒருவர் வந்தார். மின்தொடர்பை அறவே துண்டித்தார், கத்திகளைக் கழற்றிவைக்கச் சொன்னார், முறுக்கை அவிழ்த்தார். மூடிக்கருகே பழைய சுவிட்சைத் துடைத்து வைக்கலாமே என்றோம். கூடாது என்றார். “வில்லின் தயவில் பிரியும் சுவிட்ச் இது, வில் உடைந்தால் ஒட்டியபடியே நின்றுவிடும். மூடியைத் தூக்கும் விசையே தொடுமுனையை இழுத்துப் பிரிக்கும்படியான சுவிட்சைப் போடுவோம்; தூசி புகாத உறையோடு போடுவோம்” என்றார். புதிய சிவப்புப் பொத்தான், புதிய கான்டாக்டர், புதிய சுவிட்ச். மூன்றும் சேர்ந்தாலும் இயந்திரத்தின் விலையில் சிறு பங்கே. விரலின் விலை எந்தக் கடைப்பட்டியலிலும் இல்லை.

அவர் கூறிய தத்துவம் நம் நெஞ்சில் பதிந்தது: காவல் எனப்படுவது, தானே பழுதுற்றாலும் நிற்கும் பக்கமாகவே பழுதுற வேண்டும்! இரயிலில் ஆபத்துச் சங்கிலியை இழுத்தால் வண்டி நிற்கிறதே, எப்படி? குழாயில் பேணிவைத்திருக்கும் அழுத்தம் குலைகிறது; குலைந்ததும் பிரேக் பிடிக்கிறது. குழாய் தானாக அறுந்தாலும் அவ்வாறே பிடிக்கும். 1872இல் வெஸ்டிங்ஹவுஸ் இரயிலுக்குக் கண்ட தானியங்கிக் காற்றுப் பிரேக்கின் நுட்பம் இது. நம் கான்டாக்டரும் அந்த வழியே: கம்பி அறுந்தாலும், சுருள் எரிந்தாலும், மின்சாரம் போனாலும், பிடி விட்டு நின்றுவிடும். ஐயம் வந்தால் உயிரின் பக்கம் நில் என்று இரும்புக்குக் கற்பித்துவைத்திருக்கிறது மனித அறிவு!

சீர்செய்தாயிற்று என்று சொன்னதும் நம்பிவிடவில்லை. கத்திகள் இல்லாமலே சோதித்தோம். மூடியைத் திறந்துவைத்துப் பச்சையை அழுத்தினோம், எழவில்லை. மூடியை மூடினோம், தானாக எழவில்லை, பச்சையை அழுத்தியபின்தான் எழுந்தது. ஓடும்போது சிவப்பைத் தட்டினோம், விசை அறுந்தது. எனினும் உருளை உடனே நின்றுவிடவில்லை. பல வினாடிகள் சுழன்றே ஓய்ந்தது. சுவிட்ச் நின்றது என்பதால் கத்தி நின்றுவிட்டதாகக் கொள்ளக்கூடாது என்று இளைஞனிடம் அப்போதே சொல்லிவைத்தோம். புதிய பொத்தானையும் பொட்டிட்டு மறந்துவிடலாகாது. வாரந்தோறும் இவ்வாறு அழுத்திப் பார்த்திட வேண்டும் என்று முடிவு செய்தோம்.

இறுதிச் சோதனை. இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கையில், பட்டறையின் மின்சாரத்தையே நிறுத்தினோம். விளக்கு அணைந்தது, மின்விசிறி ஓய்ந்தது, இயந்திரம் அடங்கிற்று. மீண்டும் மின்சாரம் கொடுத்தோம். விளக்கு எரிந்தது. விசிறி சுழன்றது. இயந்திரம் அசையவில்லை. மனிதனின் கட்டளைக்குக் காத்து நின்றது. “இப்போதுதான் இது நம்ம இயந்திரம்” என்றார் மூத்தவர்.

தோழர்களே! நாம் புதிதாக ஆக்கியவை சில. நமக்குக் கைமாறி வந்தவையே பல. இயந்திரம் மட்டுமா? பழக்கமும் வழக்கமும் அவ்வாறே வந்து சேர்ந்திருக்கின்றன. “இத்தனை காலம் ஓடிற்றே!” என்றுதான் அவற்றையும் நம்மிடம் விற்கிறார்கள். ஓடுகிறதா என்று மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள். மூடியைக் கழற்றிப் பாருங்கள். யாருடைய கை அதில் சிக்கும் என்று கேளுங்கள். முறுக்கிய கம்பியைக் கண்டால், முறுக்கியவன் யார் என்று தேடிக்கொண்டே நின்றுவிடாமல், அவிழ்க்கத் தொடங்குங்கள்!