வட்டத்தில் ஓர் இடம்

ஜப்பானின் ஓபோன் விழாவை முதன்முறையாகக் காண்பவர், அதனை வெறும் கோடைக் களியாட்டம் என்றே எண்ணக்கூடும். பெரும்பாலான ஊர்களில் ஆகஸ்ட் 13 முதல் 16 வரை நடைபெறும் விழா அது. இரவில் காகித விளக்குகளின் கீழே முதியோரும் சிறுவரும் வட்டமாக ஆடுகின்றனர். உண்மையிலோ அது முன்னோரை வரவேற்று வழியனுப்பும் வழிபாடு.

அதன் பின்னணியில் உள்ளவர் புத்தரின் சீடரான மௌத்கல்யாயனர். மறைந்த தம் அன்னை பசியால் வாடும் ஆவியாகத் துன்புறுவதை அவர் ஞானக் கண்ணால் கண்டார். அவர் அளித்த சோறு, அவள் வாயை எட்டுமுன் நெருப்பாயிற்று. கைவந்த சித்திகள் எவையும் உதவவில்லை. மழைக்காலத் தவம் முடிக்கும் துறவியருக்கு உணவளிக்குமாறு புத்தர் பணித்தார். அவ்வாறே செய்ய, அன்னை துயர் நீங்கினாள். மகன் ஆனந்தக் கூத்தாடினார். அதுவே இவ்விழாவின் நடனமாயிற்று என்பது மரபு.

அன்பர்களே, பெற்றோருக்குச் செய்யத் தவறியதை எண்ணி வருந்தாதவர் நம்மில் யார்? நேரே ஊட்ட இயலாத அன்னம், பசித்த பிறர்க்கு இடும்போது அவர்களைச் சென்றடைகிறது என்பதே இக்கதை தரும் ஆறுதல்.

ஆடத் தெரியாத புதியவரும் அவ்வட்டத்தில் சேரலாம். முன்னே செல்பவரைப் பார்த்து அடியெடுத்து வைத்தால் போதும். தொண்டும் அத்தகையதே. துயரத்தோடு ஒதுங்கி நில்லாமல், அதில் நமக்குரிய இடத்தில் சென்று சேர்வோமாக!