நேயர் விருப்பமும் ஸமாவும்

ஒரு பாடல் எப்போது பழைய பாடல் ஆகிறது? வெளிவந்த ஆண்டைக் கணக்கிட்டுச் சொல்வது வானொலி நிலையத்தாரின் வழி. கேட்பவர் அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. சிறு வயதில் காதில் விழுந்தது, பிறகு வாழ்க்கையோடு ஒட்டிக்கொண்டது, இப்போது கேட்டாலும் கையிலுள்ள வேலையை ஒரு கணம் நிறுத்த வைப்பது எதுவோ அதுவே அவருக்குப் பழைய பாடல். அந்த நெகிழ்ச்சி பாட்டிலிருந்து வருகிறதா, கேட்பவரிலிருந்து வருகிறதா? மார்க்கம் அதை எப்படிப் பார்க்கிறது? இஸ்லாமிய சிந்தனையில் இக்கேள்விகளை ‘ஸமா’, அதாவது செவிமடுத்தல், என்ற தலைப்பில் ஆயிரம் ஆண்டுகளாக விவாதித்து வருகிறார்கள். புத்தளம் கரையோரத்தில், வண்ணாத்திவில்லு போன்ற ஊர்ப்புறங்களில், அந்த விவாதமும் பழைய பாடல் ஒலிபரப்பும் ஒரே வீட்டுக் கூடத்தில் சந்தித்துக்கொள்கின்றன.

வண்ணாத்திவில்லு புத்தளம் நகருக்கு வடக்கே, களப்புக்கும் வில்பத்துக் காட்டுக்கும் இடைப்பட்ட பிரதேசம். தென்னையும் கஜுவும் மீன்பிடியும் அதன் பிழைப்பு. வடக்கு எல்லையில் கலா ஓயா ஓடுகிறது. அது களப்பில் கலக்கும் கங்கேவாடியாவில் கண்டல் காடு. யானை வரும் பக்கமாகையால் தோட்டங்களில் இரவுக் காவல் உண்டு. காவற்குடிலில் ரோச் லைட்டுக்குப் பக்கத்தில் ரேடியோவும் இருக்கும். தூக்கத்தை விரட்ட அதைவிட மலிவான துணை கிடையாது.

இக்கரையில் வானொலிக்குப் பஞ்சமே இருந்ததில்லை. மத்திய அலை தரையின் மேல் போவதைவிட உப்புநீரின் மேல் தேயாமல் நெடுந்தூரம் போகும். ஆகவே தூத்துக்குடி நிலையத்தின் 1053 கிலோஹேர்ட்ஸ் ஒலிபரப்பு மன்னார் வளைகுடாவைத் தாண்டி இங்கே தெளிவாக இறங்குகிறது. எதிர்த்திசையிலும் அப்படித்தான்: டிரான்ஸ் வேர்ல்ட் ரேடியோ என்ற கிறிஸ்தவ நிறுவனம் இந்தியாவை நோக்கி 882 கிலோஹேர்ட்ஸில் ஒலிபரப்பியது புத்தளத்திலிருந்து. இதே மாவட்டத்து இரணவிலவில் வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவின் அஞ்சல் நிலையம் 2016 வரை இயங்கியது. கடவுளின் செய்தியும் வல்லரசின் செய்தியும் கடந்து போன வானத்தில்தான் நேயர் விருப்பமும் போயிற்று.

கொழும்பில் வானொலி 1925இல் தொடங்கியது. 1949இல் அது ரேடியோ சிலோன் ஆனது. 1950இல் வர்த்தக சேவை வந்தது. இந்தியாவில் 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், திரைப்பாடல் மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று கருதி அகில இந்திய வானொலியில் அதைச் சுருக்கினார். நேயர்கள் அமைச்சரோடு வாதாடவில்லை. முள்ளைத் திருப்பி இலங்கையைப் பிடித்தார்கள். 1957இல் விவித் பாரதி தொடங்கியபோதுதான் டெல்லி திரைப்பாடலோடு சமரசமானது. எது நல்ல இசை என்பதை மேலிருந்து தீர்மானிக்க முடியுமா என்ற கேள்விக்கு இதைவிடப் பெரிய சோதனையைத் தெற்காசியா கண்டதில்லை. அந்த ஆண்டுகளில் இலங்கை வானொலி அறிவிப்பாளர்களான எஸ்.பி. மயில்வாகனனும், பின்னர் கே.எஸ். ராஜாவும் பி.எச். அப்துல் ஹமீதும் தமிழகத்து வீடுகளிலும் அறியப்பட்ட குரல்கள் ஆனார்கள். காலையில் ‘பொங்கும் பூம்புனல்’. மற்ற வேளைகளில் பிறந்தநாள் வாழ்த்து, நேயர் விருப்பம். அஞ்சலட்டையில் எழுதி அனுப்பிய பெயரும் ஊரும் பாட்டுக்கு முன் வாசிக்கப்படும். பாட்டு எல்லோருக்கும் பொது. அந்த அரை நிமிடப் பெயர்ப்பட்டியல் மட்டும் ஒரு வீட்டுக்கு உரியது.

அந்தக் காலத்தில் புதிதாக ஒலித்த டி.எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும்தான் இன்று பழைய பாடல். ‘அன்னக்கிளி’ வந்த 1976க்குப் பிற்பட்டவை இடைக்காலப் பாடல். தியாகராஜ பாகவதரும் பி.யு. சின்னப்பாவும் அநேகமாகப் பட்டியலிலிருந்தே வழுக்கி விழுந்துவிட்டார்கள். அவர்களைக் கேட்டு வளர்ந்தவர்கள் இல்லாமற்போனதே காரணம். பாட்டில் எந்தக் குறையும் ஏற்படவில்லை. அமெரிக்காவில் 1970களின் பிற்பகுதியில் அல் ஹாம் என்பவர் நடுவயது கடந்த நேயர்களுக்காக சினாட்ரா, நாட் கிங் கோல் வகைப் பாடல்களை ஒரு தனி ஒலிபரப்பாகத் தொகுத்தபோது, அதற்கு வைத்த பெயரின் பொருள் ‘உங்கள் வாழ்வின் இசை’. நல்ல இசை என்றோ சிறந்த இசை என்றோ அவர் பெயரிடவில்லை. பழைய பாடலின் அளவுகோல் கேட்பவரின் ஆயுள் என்பதை வியாபாரிகள் தத்துவவாதிகளுக்கு முன்பே ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

ஒருவரை மட்டும் விட்டுவிட்டு இதைச் சொல்ல வேண்டும். இமாம் கஸ்ஸாலி (1058–1111) தமது ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலில் ஸமாவுக்கும் அதனால் எழும் வஜ்து என்ற பரவசத்துக்கும் ஒரு தனிப் பகுதி ஒதுக்கினார். இலங்கைச் சோனகரைப் போலவே அவரும் ஷாபிஈ மத்ஹபினர். பாட்டு ஹலாலா ஹராமா என்று ஒரே சொல்லில் தீர்ப்பளிக்க அவர் மறுக்கிறார். அழகிய ஓசை, சீரான தாளம், பொருளுள்ள சொல் ஆகியவற்றைத் தனித்தனியே எடுத்து, இவற்றுள் எதுவும் தன்னளவில் தடுக்கப்பட்டதல்ல என்று காட்டுகிறார். பிறகு தடை எங்கிருந்து வருகிறது என்று தேடி ஐந்து இடங்களைக் குறிக்கிறார்: பாடுபவர், வாத்தியம், பாடலின் சொற்கள், கேட்பவரின் மனநிலையும் விடாப்பிடியான பழக்கமும், பாமரரின் பொழுதுபோக்காக அது மாறிவிடுதல். குடியர்களின் கூடத்தோடு சேர்ந்துபோன நரம்புக் கருவிகளையும் குழலையும் அவர் அனுமதிக்கவில்லை. வானொலி ஒலிபரப்பும் திரைப்பாடல் எதுவும் அந்த இரண்டாவது தடையைத் தாண்டாது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் அவருடைய ஆய்வின் பெரும்பகுதி நான்காவது இடத்திலேயே, கேட்பவரிடமே, சுழல்கிறது.

ஓசையின் வலிமையைக் காட்ட அவர் எடுத்தாளும் கதை ஒன்று. பாலைவனத்தில் ஒரு கூடாரத்துக்கு விருந்தாளி வருகிறார். வாசலில் ஒட்டகங்கள் செத்துக் கிடக்கின்றன. உள்ளே ஓர் அடிமை விலங்கிடப்பட்டிருக்கிறான். இவனை விடுவித்தால்தான் உண்பேன் என்று விருந்தாளி சொல்ல, வீட்டுக்காரர் வழக்கை விளக்குகிறார். இவனுக்கு இனிய குரல். பாரம் ஏற்றிய ஒட்டகங்களைப் பாடிப் பாடி ஓட்டி, மூன்று நாள் வழியை ஒரே இரவில் கடக்க வைத்தான். பாரத்தை இறக்கியதும், ஒன்றைத் தவிர, அத்தனையும் விழுந்து செத்தன. மறுநாள் விருந்தாளியின் ஆசைக்காக அவன் பாட, நீர் இறைத்துக்கொண்டிருந்த ஒட்டகம் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடுகிறது. விருந்தாளி முகங்குப்புற விழுகிறார். பெரியபுராணத்தில் ஆனாய நாயனாரின் குழலோசைக்கு மாடும் மயிலும் மானும் அசையாமல் நின்ற காட்சியோடு இதை வைத்துப் பார்க்கலாம். அங்கே இசை உயிர்களைச் சிவனிடம் நிறுத்துகிறது. இங்கே அது உயிரையே குடிக்கிறது. பொருள் புரியாமலே உடலைப் பிடிக்கும் இந்த ஆற்றலை கஸ்ஸாலி கேட்டலின் மிகத் தாழ்ந்த படியில் வைக்கிறார். ஒட்டகத்துக்கும் அது வாய்க்கிறதே!

அடுத்த படியில் கேட்பவர் பாடலைத் தம் நிலைக்குப் பொருத்திக்கொள்கிறார். அரபியில் இது ‘தன்ஸீல்’: சொல்லைத் தன்மேல் இறக்கிக்கொள்ளுதல். பாடலாசிரியர் என்ன நினைத்தார் என்பது இங்கே ஒரு பொருட்டல்ல. அரபி அறியாத ஒரு பாரசீகர் அரபுக் காதற் செய்யுளைக் கேட்டுப் பரவசமானதை கஸ்ஸாலி சொல்கிறார். செய்யுளில் வந்த ஓர் அரபி ஒலி அவருடைய மொழியில் ‘அழிவின் விளிம்பில் இருப்பவர்’ என்று பொருள்பட்டது. அதுவே அவருக்குப் போதுமாயிருந்தது. மொழி தெரியாமல் ரேடியோ சிலோனில் இந்திப் பாட்டுக் கேட்டு உருகிய தமிழ் நேயர்களைக் கேலி செய்தவர்கள் இந்தப் பக்கத்தைப் படித்ததில்லை.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் புத்தளம் மாவட்டத்தில் வந்து தங்கினார்கள். வண்ணாத்திவில்லுப் பக்கத்து எலுவன்குளத்திலிருந்து காட்டு வழியே வடக்கே போனால் வருவது முசலிப் பகுதியின் மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குழி. அந்த ஊர்களிலிருந்தும் இங்கே வந்தார்கள். பிரிந்த காதலனை நினைத்து எழுதப்பட்ட திரைப்பாடலை அவர்களில் ஒருவர் கேட்கும்போது காதலன் அங்கே இல்லை. கிணறும் வளவும் பள்ளிவாசல் முற்றமும் இருக்கின்றன. கவிஞர் கண்ணதாசனுக்கு முசலி தெரிந்திருக்கத் தேவையில்லை. தன்ஸீல் என்பது இதுதான்.

இங்கே ஒரு முரண் குறுக்கிடுகிறது. குர்ஆன் ஓதலைவிடப் பாட்டு ஏன் சிலரைச் சீக்கிரம் பரவசப்படுத்துகிறது என்று கஸ்ஸாலி கேட்டு, ஏழு காரணங்கள் சொல்கிறார். அவற்றில் ஒன்று பழக்கம். முதல் தடவை கேட்பது ஆழமாகப் பதியும், இரண்டாவது தடவை குறையும், மூன்றாவது தடவை அநேகமாக மறைந்துவிடும். ஓதலைக் கேட்டு அழுத நாட்டுப்புற அரபிகளைப் பார்த்து, நாங்களும் இப்படித்தான் இருந்தோம், பிறகு எங்கள் உள்ளங்கள் இறுகிவிட்டன என்று கலீஃபா அபூபக்ர் கூறியதாக வரும் செய்தியையும் இதற்குச் சான்று காட்டுகிறார். இது சரியென்றால் பழைய பாடல் நிகழ்ச்சிக்கே இடமில்லை. ஆயிரம் தடவை கேட்ட பாட்டைத்தானே நேயர் மறுபடி கேட்கிறார்!

விடை கஸ்ஸாலியின் சொந்தக் கருத்திலேயே இருக்கிறது. பாட்டு மாறாவிட்டாலும் கேட்பவர் மாறியிருக்கிறார். கல்யாணத்துக்கு முன் கேட்டதை மகளுக்குக் கல்யாணம் முடித்தபின் கேட்கும்போது, அது அவருக்கு முதல் தடவைதான். பழைய பாடலைப் புதிதாக்குவது இரண்டு கேட்டல்களுக்கு இடையில் நடந்த வாழ்க்கை. அந்த இடைவெளியைக் கொடுக்காமல் அதே பாட்டைத் திங்களும் புதனும் வெள்ளியும் போட்டால், நேயர் மாறுவதற்கு அவகாசமில்லை. பழக்கம் பற்றி இமாம் சொன்னது அப்போது அப்படியே பலிக்கிறது. பழைய பாடல் நிகழ்ச்சிகளில் நேயர்களின் மிகப் பொதுவான குறை, போட்டதையே போடுகிறார்கள் என்பது. அறிவிப்பாளர்கள் இதைச் சலிப்பு என்று எடுத்துக்கொண்டு கடந்துவிடுகிறார்கள். உண்மையில் அது ஓர் இழப்பைப் பற்றிய முறையீடு. ஒருவர் ஆண்டுக்கணக்காகத் தம்முள் சேர்த்து வைத்ததை நிலையம் ஒரு மாதத்தில் செலவழித்துவிடுகிறது.

விடாப்பிடியான கேட்டலைப் பற்றிய கஸ்ஸாலியின் உவமை எளிமையானது. கன்னத்தில் ஒரு மச்சம் அழகு. மச்சமே கன்னம் முழுவதும் பரவினால் அவலட்சணம். இருபத்துநான்கு மணி நேரமும் பழைய பாடல் மட்டுமே ஒலிக்கும் அலைவரிசைகளைக் கண்டிருந்தால் அவர் இதைவிடக் கடுமையாக எழுதியிருப்பார்.

ஏழு காரணங்களில் இன்னொன்று நேயர் விருப்பத்துக்கே எழுதியது போலிருக்கிறது. ஒரு செய்யுள் கேட்பவரின் நிலைக்குப் பொருந்தாவிட்டால், இது வேண்டாம், வேறொன்று பாடு என்று பாடகரிடம் சொல்லலாம். இறைவசனத்திடம் அப்படிச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. மனிதர் ஆக்கிய பாட்டுக்குக் கஸ்ஸாலி அளிக்கும் இடம் இதனால் தெளிவாகிறது. அது மறுக்கத்தக்கது, அதுவே அதன் பயன். மறுப்பைக் கேட்காத பாடல் தேர்வு, வேதத்துக்கு மட்டுமே உரிய அதிகாரத்தைத் தனக்கு எடுத்துக்கொள்கிறது.

எதிர்த்தரப்பும் வலுவானது. இப்னு தைமிய்யா (1263–1328) பரவசம் தேடிப் பாட்டுக் கேட்பதை மார்க்கத்தில் புகுந்த புதுமையாகவே கண்டார். இதயம் இளகியது என்பதால் மட்டும் இளக்கியது நல்லதாகிவிடாது என்ற அவருடைய வழிவந்த வாதத்தை எளிதில் தள்ள முடியாது. நினைவில் உருகுவது தொழுகையையும் கடமையையும் மறக்கச் செய்தால் அது ‘கஃப்லத்’ என்ற பராமுகம். மௌலூதும் கஸீதாவும் பக்கீர் பாவாக்களின் றபான் இசையும் வழங்கிய கரையோர ஊர்களில், அவை கூடுமா கூடாதா என்ற பேச்சு இன்றும் ஓய்ந்தபாடில்லை. நாகூர் ஹனிபாவின் குரலைக்கூட வாத்தியத்துக்காக ஒதுக்குபவர்களும், அதையே காலை எழுச்சியாகக் கொள்பவர்களும் ஒரே தெருவில் இருக்கிறார்கள். கத்தோலிக்க மரபிலும் இதே தயக்கம் பழையது. புனித அகுஸ்தீனார் தம் ‘ஒப்புதல்கள்’ நூலின் பத்தாம் பகுதியில், பாடப்படும் பொருளைவிடப் பாட்டே தம்மை அசைத்த வேளைகளைப் பாவமாகவே அறிக்கையிடுகிறார். ஆனாலும் ஆலயத்திலிருந்து பாட்டை நீக்கச் சம்மதிக்கவில்லை.

இத்தனைக்கும் பின் பாடல் தேர்வைப் பற்றிச் சொல்ல இருப்பவை இரண்டு. முதலாவது இடைவெளி. அதைத் தர வேண்டுமானால் பட்டியல் அகலமாக இருக்க வேண்டும். ஏ.எம். ராஜாவும் ஜிக்கியும் பி.பி. ஸ்ரீநிவாஸும் பாடியவற்றில் நாலைந்தைத் தவிர மற்றவை ஒலிப்பதில்லை. பாடலாசிரியர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 29 வயதிலேயே மறைந்தவர். அவர் எழுதிய குறைந்த எண்ணிக்கைப் பாடல்களிலிருந்தும் அதே சிலவற்றையே எடுக்கிறார்கள். இரண்டாவது, இலங்கை வானொலி தானே வளர்த்த ஈழத்து மெல்லிசையும் நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் காலத்துப் பொப் பாடல்களும் பழைய பாடல் என்ற பெயருக்குள் அரிதாகவே சேர்க்கப்படுகின்றன. சென்னையில் பதிவானதே பழையது, கொழும்பில் பதிவானது வெறும் பழசு என்ற எண்ணம் நேயரிடமிருந்து வந்ததல்ல. இந்நாட்டு நேயரின் வாழ்வின் மேல் இறங்க இந்நாட்டுச் சொற்களுக்குத்தான் தூரம் குறைவு.

எதைப் போட்டாலும் கடைசி அதிகாரம் குமிழில் இருக்கிறது. மஃரிப் பாங்கு கேட்டதும் வீடுகளில் ரேடியோவைத் தணித்துவிடுவார்கள். பாட்டு பாதியில் நின்றதற்காக நிலையத்துக்கு எவரும் அஞ்சலட்டை எழுதியதில்லை.