இரும்பின் பங்கு

கங்கைகொண்ட சோழபுரக் கோயிலில் வடக்கு வாசல் படியோரம் சண்டேச அனுக்கிரகமூர்த்தி இருக்கிறார். உமை பக்கத்தில் அமர்ந்திருக்க, சிவன் பூமாலையைச் சண்டேசர் தலையில் சுற்றிக் கட்டுகிறார். பார்க்கிறவர்கள் அந்தக் கைகளில் லயித்துப் போவார்கள். நான் பெரம்பலூர்ப் பக்கத்துக் கொல்லன் மகன். எனக்கு மழுதான் நினைவுக்கு வரும். பூசையைக் காலால் இடறிய தகப்பன்மேல் பிள்ளையான சண்டேசர் வீசிய கோல் மழுவாக மாறிக் காலைத் துணித்தது என்பது கதை. ஆயுதம் செய்த பழி அங்கே அருளில் கரைகிறது. ராஜேந்திர சோழன் காலத்தில் அந்த அருளைக் கல்லில் கொண்டுவந்ததும் இரும்புதானே?

கல் சாமியாகிறது. அதைச் செதுக்கிய இரும்புக்கு என்ன கிடைக்கிறது? நெடுநாளாக மனத்தில் கிடக்கும் கேள்வி இது.

கருங்கல்லில் கலந்திருக்கும் குவார்ட்ஸ் மணிகள் உளியைவிடக் கடினமானவை. மெலியது வலியதை எப்படிச் செதுக்கும்? உண்மையில் உளி கல்லை வெட்டுவதில்லை. ஒரே இடத்தில் அடி விழ விழ, மணிகள் நசுங்கிப் பொடியாகி உதிர்கின்றன. கூடவே முனையும் மழுங்குகிறது. அதனால்தான் சிற்பி வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே கொல்லன் பட்டறையும் வேண்டும்.

அப்பா முனையைக் கரி நெருப்பில் செக்கச்செவேலெனக் காய்ச்சி, அடித்துக் கூராக்கி, நுனியை மட்டும் தண்ணீரில் தோய்த்து எடுப்பார். மேலே மிச்சமிருக்கும் சூடு நுனிக்கு இறங்கும். தேய்த்துப் பளபளப்பாக்கிய இடத்தில் முதலில் வைக்கோல் மஞ்சள் ஓடிவரும். பிறகு ஊதா, நீலம். எந்த நிறத்தில் மறுபடி தோய்க்கிறோம் என்பதில் எல்லாம் இருக்கிறது. மஞ்சள் வருமுன் தோய்த்தால் முனை தெறிக்கும்; மூக்கைச் செதுக்கும்போது அப்படித் தெறித்தால் சிலையே போயிற்று. நீலம் தாண்டிவிட்டால் கல்லில் பட்டு மடங்கும். கோயில் வேலைக்கான உளி வந்துவிட்டால் குளித்த பிறகுதான் துருத்தியில் கை வைப்பார். யாரும் அவருக்கு விதித்ததல்ல அது.

இத்தனை உளிகள் தேய்ந்தபின் சிலையின் கண் திறக்கப் பொன் ஊசி வருகிறது. குடமுழுக்கு ஆனபின் இரும்பு சாமியைத் தீண்டக் கூடாது. ஆனால் ஊர் எல்லையில் கருப்புசாமிக்கு முன் நட்டிருக்கும் அரிவாளையே கும்பிடுகிறோம். வெட்டும் இரும்புக்கு எல்லையில் இடம் உண்டு, செதுக்கும் இரும்புக்குக் கருவறையில் இல்லை. இது எனக்குச் சரியாகப் படவில்லை.

இரும்புக்கு என்ன புனிதம் என்று கேட்பவர்கள் உண்டு. 1836-இல் கொள்ளிடத்தில் கீழணை கட்ட கங்கைகொண்ட சோழபுரக் கோயிலின் மதிலைப் பெயர்த்ததும் இரும்புதான் என்பார்கள். உண்மைதான். அதே மதிற்கல் அணையாகித் தண்ணீரை மறித்தது; அதற்காகக் கல்லை யாரும் தள்ளிவைக்கவில்லையே.

திருப்பணி தொடங்குமுன் பாலாலயம் செய்து சாமியின் சக்தியை வேறிடத்துக்கு மாற்றுகிறார்கள். இரும்பு தீட்டு என்பதால் சாமி விலகுவதாகச் சிலர் விளக்குவார்கள். வேலை நடக்கட்டும் என்று அவரே இடம் விட்டுக் காத்திருப்பதாகத்தான் நான் நம்புகிறேன்.

குடமுழுக்கு நாளில் சிற்பிக்கு மரியாதை செய்யும்போது, அந்தச் சிலையில் தேய்ந்த உளிகளையும் ஒரு தாம்பாளத்தில் வைத்துக் குங்குமம் இடலாம். அவை ஆயுதபூசைவரை காத்திருக்க வேண்டியதில்லை.