ஜுரம் இறங்கிய பிறகு

சிக்கன்குனியா ஜுரம் சில நாளில் இறங்கிவிடும். வலி எப்போது இறங்கும் என்று காவேரிப்பாக்கத்தில் யாரைக் கேட்டாலும் உதட்டைப் பிதுக்குகிறார்கள்.

கண் விழித்ததும் முதல் வேலை விரல்களை விரிப்பது. மடங்கியபடியே விறைத்துக் கிடக்கும். காலை ஊன்றினால் கணுக்காலில் சுரீரென்று ஏறும். சுவரைப் பிடித்து நிற்க வேண்டும். பிறகு ஒவ்வொன்றாக வரும்: ரவிக்கைக் கொக்கி, பால் பாக்கெட்டின் முனை, குழாயின் திருகு, குழந்தைக்குப் பின்ன வேண்டிய சடை. வெயில் ஏற ஏற மூட்டு இளகும். அதற்குள் ராணிப்பேட்டை ஷூ கம்பெனிக்குப் போகும் பஸ் போயிருக்கும். பீடி சுற்றும் வீட்டில் பஸ் கவலை இல்லை. ஆனால் கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு. முனை மடிக்க விரல் நுனிதான் வேண்டும்.

*

இந்த நோய் நம் பக்கத்துக்குப் புதிதல்ல. 1964இல் வேலூரில் பரவியது. அப்போது டெங்குவும் கூடவே திரிந்ததைக் கண்ட ஆய்வாளர்கள் 1969இல் அதை எழுதி வெளியிட்டார்கள். நெடுங்காலம் அடங்கிக் கிடந்து, 2006இல் திரும்ப வந்தது. அந்த ஆண்டு நாடு முழுவதும் சுமார் 13.9 லட்சம் பேருக்கு நோய் இருக்கலாம் என்றது அரசுக் கணக்கு. அது ஜுரத்தின் கணக்கு. அடுத்த பொங்கலுக்கும் குடம் தூக்க முடியாமல் இருந்தவர்களை யார் எண்ணினார்கள்?

*

கிருமி ஏறக்குறைய ஒரு வாரத்தில் ரத்தத்தை விட்டுப் போய்விடுகிறது. மூட்டின் உள்சவ்வில் அழற்சி மட்டும் நீடிக்கிறது, பலருக்கு மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில். வயதானவர்களையும் முன்பே மூட்டு வலி உள்ளவர்களையும் அதிகம் படுத்துகிறது. எக்ஸ்ரேயில் பெரும்பாலும் எதுவும் தெரியாது. "ஒண்ணுமில்லம்மா" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். வலியை விட அந்தச் சொல் கொடுமை என்று நினைக்கிறேன். வீக்கம் வடிந்த பிறகு வீட்டிலேயே நம்பமாட்டார்கள்.

*

ஊரில் அவ்வளவு பெரிய ஏரி இருக்கிறது. இந்த நோயைப் பரப்பும் ஏடிஸ் கொசு அதைத் தேடிப் போவதில்லை. வாசலில் பிடித்து வைத்த டிரம், மாடியில் மூடாத தொட்டி, உடைந்த உரல் போதும். வாரம் ஒருமுறை டிரம்மைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவினால் புழு கொசுவாகாது. சரிதான். கவிழ்ப்பது யார்? மணிக்கட்டு வலிக்கிற அதே பெண்தான்.

*

வேலைக்குப் போக வேண்டுமே என்று மருந்துக் கடையில் தினமும் வலி மாத்திரை வாங்கி விழுங்குகிறவர்களைப் பார்க்கும்போது மனசு பதறுகிறது. நாள்பட விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடும். வெந்நீர் ஒத்தடம், மெல்ல மடக்கி நீட்டும் பயிற்சி, டாக்டர் அளந்து தரும் மருந்து, இவற்றுக்கெல்லாம் நேரம் வேண்டும். கூலிக்காரர்களிடம் இல்லாதது அதுதான். ஜுரத்துக்கு வந்தவரிடம், "ஒரு மாசம் கழிச்சுத் திரும்ப வாங்க, மூட்டு எப்படி இருக்குன்னு பார்ப்போம்" என்று சீட்டில் தேதி எழுதிக் கொடுத்தால் என்ன? அந்தத் தேதியில் கம்பெனி சம்பளம் பிடிக்காமல் லீவு தர வேண்டும்.