அயலாரின் மனக்கணக்கு

வேலி தாண்டிய மாடு அயலான் நிலத்துப் புல்லைத் தின்றுவிட்டால், நட்டத்தை யார் ஏற்பது? கலிபோர்னியாவின் வடக்கே சாஸ்தா மாவட்டத்தில், மலையடிவாரத்து மாட்டுப்பண்ணைகளிடையே இது அடிக்கடி எழும் கேள்வி. 1945ஆம் ஆண்டுச் சட்டமொன்று, சில பகுதிகளை 'மூடிய மேய்ச்சல் நிலம்' என்று அறிவிக்க அம்மாவட்ட நிர்வாகத்திற்கு அதிகாரம் தந்தது. அங்கே பொறுப்பு மாட்டுக்காரருடையது. மற்ற பகுதிகளிலோ, நல்ல வேலி இடாத நிலத்துக்காரரே பெரும்பாலும் நட்டத்தைச் சுமக்க வேண்டும்.

சட்டப் பேராசிரியர் ராபர்ட் எல்லிக்சன் அம்மக்களிடையே சென்று ஆராய்ந்து, 1991இல் ஒரு நூலை வெளியிட்டார். அங்கே பலருக்கு இந்தச் சட்டமே சரிவரத் தெரியவில்லை என்பது அவர் கண்ட வியப்பு. எந்தப் பகுதியாயினும் தன் மாட்டுக்குத் தானே பொறுப்பு என்பதே அவர்களது நெறி. வழிதவறிய மாட்டைக் கண்டவர் உரியவருக்குத் தொலைபேசியில் சொல்லுவார். அவர் வரும்வரை தீனியும் போடுவார். அதற்குக் காசு கேட்பது அயலாருக்கு அழகன்று என்று கருதுகிறார்கள். பெற்ற உதவி மனத்தில் பதிந்திருக்கும். பிறிதொரு நாள் வேலியைச் செப்பனிட்டோ, வெளியூர் சென்றவரின் வீட்டைப் பார்த்துக்கொண்டோ அதை ஈடுசெய்வர்.

காசு ஏன் உறுத்துகிறது? காசு கைமாறியதும் கணக்குத் தீர்ந்துவிடுகிறது. இனி ஒருவருக்கொருவர் வேண்டியதில்லை. தீராத கடனோ மறுபடியும் வாயிற்படி ஏற வைக்கிறது. கணக்கு வைப்பது அன்பாகுமா என்று நாம் முகம் சுளிக்கலாம். ஆனால் கொடுத்துக்கொண்டே இருந்து, எதையும் பெற மறுப்பவன் தன்னை ஒரு படி மேலே நிறுத்திக்கொள்கிறான் அன்றோ! அயலானுக்குக் கடன்பட இசைவதற்கும் தாழ்மை வேண்டும். (நமக்கு அது எளிதில் வருவதில்லை.)

எனினும் இவ்வாழ்வை வெறும் இனிமையாகக் காட்டுவது உண்மைக்குப் புறம்பு. மாட்டைக் கட்டுப்படுத்தாதவனைப் பற்றி முதலில் ஊர் பேசும். அப்படியும் திருந்தாவிடில் மாட்டையே கொன்றுவிடுவதாக மிரட்டலும் எழும். இந்த நட்புக்குப் பின்னே அச்சமும் காவல் நிற்கிறது.

என்னை வருத்துவது வேறொன்று. மனக்கணக்கில் இடம்பெற, திருப்பித் தர ஏதேனும் இருக்க வேண்டும். மந்தையை விற்றுவிட்டு, கைகால் தளர்ந்து தனித்திருக்கும் முதியவரின் வேலியும் ஒரு நாள் சாயும். அவரால் எதையும் ஈடுசெய்ய இயலாதென்று அறிந்தபின், சுத்தியலோடு அங்கே போகிறவர் யார்?